'ஆன் ஆகுது' என்று சொன்னால் போதாது: பழைய ஹேண்டிகேம் வாங்கும் நீலகிரிக்காரர்களுக்கு எச்சரிக்கை

பழைய 8 எம்எம் கேசட்டைப் போட்டுப் பார்க்க ஹேண்டிகேம் தேடுகிற ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்க்காரர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கோத்தகிரியில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. வீட்டில் ஒரே ஒரு கல்யாணக் கேசட். அதை ஓட்டிப் பார்க்க, சமவெளியில் இருக்கும் ஒருவரிடம் ஆன்லைனில் ஹேண்டிகேம் வாங்கினார்கள். விளம்பரத்தில் 'ஃபுல் வொர்க்கிங்' என்று போட்டிருந்தது. கூடவே இரண்டு போட்டோ, இரண்டிலும் திரை எரிகிறது, எதிரே இருக்கும் சுவர் தெரிகிறது. டேப் ஓடுவதைக் காட்டச் சொன்னதற்கு, "கேசட் இல்லைங்க, மத்தபடி எல்லாம் பக்கா" என்று பதில். 6,500 ரூபாயும் முன்கூட்டியே யுபிஐயில் போனது. கேமரா வந்தது, ஆன் ஆனது. கல்யாணக் கேசட்டைப் போட்டதும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், திரையில் சி:31 என்று தொடங்கும் எண், அதோடு நின்றுவிட்டது. இழுத்து எடுத்தபோது கேசட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு டேப் வெளியே தொங்கியது. ஓரம் முழுக்க நெளிநெளியாகச் சுருங்கியிருந்தது. விற்றவரைக் கேட்டால் "நான் அனுப்பும்போது நல்லா இருந்துச்சு, கூரியர்ல அடிபட்டிருக்கும்" என்றார். மறுநாள் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திரையில் சுவர் தெரிந்தால் லென்ஸும் சென்சாரும் வேலை செய்கின்றன என்று மட்டும்தான் பொருள். கேசட்டை உள்ளே இழுத்து, டேப்பை டிரம்மை (படத்தைப் படிக்கும் ஹெட் பொருத்திய, சுழலும் உருளை) சுற்றி வளைத்து, சீராக ஓட்டும் பகுதி முற்றிலும் வேறு. பழைய ஹேண்டிகேமில் முதலில் கெடுவது அதுதான். கிரீஸ் காய்ந்து இறுகிவிடும். மலைக் குளிரில் அது இன்னும் கெட்டியாகும். டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை கல்லாகிவிடும் அல்லது பிசுபிசுக்கும், டேப் நழுவிச் சுருண்டுகொள்ளும். சோனியில் சி:31, சி:32 என்று வந்தால் இயந்திரக் கோளாறு, பழுதுபார்க்காமல் ஓடாது. சி:22 வந்தால் ஹெட் அழுக்கு.

சி:21 வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அது உள்ளே ஈரம் கோத்திருப்பதைச் சொல்கிறது. நம் ஊரில் இது அடிக்கடி வரும். இரவு வண்டியில் ஏறி வந்த பார்சல் சில்லென்று இருக்கும். அதை அடுப்படிச் சூட்டில் உடனே பிரித்தால் டிரம்மில் பனி படியும். ஈர டிரம்மில் டேப் ஒட்டிக்கொண்டு கிழியும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினாலும் இதேதான். பார்சலைப் பிரிக்காமல் அறையிலேயே ஓர் இரவு வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

வாங்கும் முன் வீடியோ காலில் விற்பவரைச் செய்யச் சொல்ல வேண்டியது: கேசட் போட்டு ஐந்து நிமிடம் பிளே, பிறகு ஃபார்வேர்டு, ரீவைண்ட், மறுபடி பிளே, கடைசியில் எஜெக்ட். வெளியே வந்த கேசட்டின் மூடியைத் தூக்கி டேப் ஓரத்தைக் கேமரா அருகில் காட்டச் சொல்லுங்கள். மடிப்பு இருந்தால் வேண்டாம். ஒரு நிமிடம் ரெக்கார்டு செய்து அதையே ஓட்டிக் காட்டட்டும். "கேசட் இல்லை", "சார்ஜர் இல்லை அதான் செக் பண்ணல" என்பவரிடம் உதிரிப்பாக விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அடுத்து சிஸ்டம். அதாவது படத்தைப் பதியும் முறை. நம் கேசட்டுகள் 'பால்' (PAL) முறையில், 625 கோடுகளில் பதிந்தவை. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் கேமராக்கள் என்டிஎஸ்சி (NTSC) முறை, 525 கோடு. அதில் நம் கேசட் ஒழுங்காகத் தெரியாது. சோனி என்றால் மாடல் எண்ணின் கடைசியில் ஆங்கில 'ஈ' (E) எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் 'பால்'. கேசட்டிலும் ஓர் அடையாளம் உண்டு: பி5-90 (P5-90) என்றால் 'பால்', பி6-120 (P6-120) என்றால் என்டிஎஸ்சி. ஆனால் வெற்று கேசட்டை எந்தக் கேமராவில் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

'டிஜிட்டல்8 (8 எம்எம் கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் கேமரா) வாங்குங்க, எல்லாம் ஓடும்' என்று விற்பதும் அரை உண்மை. 1999-ல் வந்த முதல் மாடல்கள் டிஜிட்டலுக்கு முந்தைய 8 எம்எம் வகைகளான வீடியோ8, ஹை8 கேசட்டுகளை ஓட்டும். பின்னால் வந்த விலை குறைந்த மாடல்கள் சில ஓட்டாது. டிஆர்வி340ஈ ஓட்டும், டிஆர்வி140ஈ ஓட்டாது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே சாடை.

வெறும் பிளேபேக்குக்கு என்றால் எங்கள் தேர்வு தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த சோனியின் சிசிடி-டிஆர்வி வரிசை ஹை8 கேமரா. அதற்கு முந்தியவற்றில் போர்டிலுள்ள சிறு கெப்பாசிட்டர்கள் கசியும். மூடியைத் திறந்தால் மீன் வாடை அடித்தால் அதுதான். இன்னொரு லாபம்: என்பி-எஃப் வகை பேட்டரியை இப்போதும் எல்இடி விளக்குகளுக்காகத் தயாரிக்கிறார்கள், புதிதாகவே கிடைக்கும். அடாப்டர் 8.4 வோல்ட். 12 வோல்ட் அடாப்டரைச் செருகச் சொன்னால் செருகாதீர்கள். உங்களிடம் இருப்பது விஎச்எஸ்-சி (விஎச்எஸ்ஸின் சிறிய வடிவம்) கேசட் என்றால் கேம்கார்டரே தேவையில்லை. ஓடுகிற விசிஆரும் அடாப்டர் கேசட்டும் போதும்.

பூஞ்சையை மறக்க வேண்டாம், மலையில் இது பெரிய எதிரி. கேசட் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளில் வெண்பொடி இருந்தால் எந்தக் கேமராவிலும் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

கேமரா வந்ததும் முதலில் போட வேண்டியது தேவையில்லாத ஒரு கேசட். கல்யாணக் கேசட் கடைசியில். சிக்கிக்கொண்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அப்படியே விடுங்கள், இழுக்காதீர்கள். லோடிங் மோட்டாரின் பல்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி டேப்பை விடுவிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். சுருங்கிய துண்டை வெட்டி ஒட்டலாம், சில விநாடிப் படம்தான் போகும். ஆனால் செல்லோ டேப்பால் ஒட்டினால் பசை கசிந்து ஹெட்டைக் கெடுத்துவிடும்.

பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பிளாக் செய்துவிட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அன்றே அழையுங்கள். பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய மெசேஜ்கள் மூன்றும் கையில் இருக்கட்டும். விற்றவர் முதலில் அழிப்பது அந்த விளம்பரத்தைத்தான்.