ரூ. 14,500 வாங்கியவர்கள் சிறுநீரைச் சோதிக்கவே இல்லை

நாய் வளர்ப்பவர்கள் யாரும் என்னைப் போல் ரூ. 14,500-ஐ இழந்துவிடக் கூடாது என்பதால், கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். செயலியில் பதிவு செய்தால் வீட்டுக்கே கால்நடை மருத்துவரை அனுப்பும் சென்னை நிறுவனம் ஒன்றின் வேலை இது.

எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு ஒன்பது வயது. குட்டியாக இருந்தபோதே கருப்பை அகற்றப்பட்டது. அண்மையில் கூடத்தில் ஆங்காங்கே சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. வந்த மருத்துவர் தரையில் அமர்ந்து அதன் தலையைத் தடவியபடி, "கருப்பை எடுத்த பெண் நாய்களுக்கு ஹார்மோன் குறைந்து சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்துவிடும். இது சகஜம், கவலைப்படாதீங்க மேடம்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. அப்படியொரு நோய் உண்டு, பெரிய இன நாய்களுக்கு அது கூடுதலாகவே வரும். அந்த உண்மையும் தலையைத் தடவிய கையும் சேர்ந்துதான் என்னை நம்பவைத்தன. மாத்திரை, சத்துப்பொடி, டயப்பர் எல்லாம் அடங்கிய இரண்டு மாத 'பேக்கேஜ்' என்று சொல்லி, ரூ. 14,500 முழுவதையும் அங்கேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்ன நோயில், நாய் தூங்கும்போது தன்னை அறியாமல் படுத்த இடம் நனையும். விழித்திருக்கையில் வழக்கம்போல் கழிக்கும். எங்கள் நாயோ அடிக்கடி குந்தி, முக்கி முக்கிச் சில சொட்டுகளையே விட்டது. இதைக் கேட்டறிய ஒரு நிமிடம் போதும். வயிற்றை அழுத்திப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

சிறுநீரில் இரத்தம் கண்டு அழைத்தபோது, "மருந்து வேலை செய்ய நாளாகும்" என்றார்கள். மறுபடி அழைத்தால், "டாக்டர் விசிட்டில் இருக்கிறார்". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. இறுதியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித் தொற்றும், எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பைக் கற்களும் தெரிந்தன. அதாவது, தளராத தசைக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் கல் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அறிக்கைகளை அனுப்பி ரூ. 14,500-ஐத் திருப்பிக் கேட்டேன். "டப்பாவைப் பிரித்துவிட்டீர்கள், பாலிசியில் இடமில்லை" என்று ஒரு பெண் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுதான் இன்னும் எரிச்சலூட்டுகிறது. கடைசியில் அடுத்த விசிட்டுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள்!

விரிவான ஆலோசனை எழுதும் நிலையில் நான் இல்லை. சிறுநீரைச் சோதிக்காமல் மாத்திரை எழுதினால் வாங்காதீர்கள். நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை நோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆனால் அதற்காகக் குடிநீரைக் குறைத்துவிடாதீர்கள். ஆண் நாயோ ஆண் பூனையோ முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அடைப்பாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பேக்கேஜுக்கு முன்பணம் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.