கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்துப் பறித்த பணம்: அமெரிக்கக் கடன்பத்திரம் வைத்திருப்போர் கவனத்துக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கங்களில், அமெரிக்காவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகள் அங்கே இருக்க, கணக்கு வழக்கை இங்கிருந்து பெற்றோர் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் இதைப் படிக்க வேண்டும். அமெரிக்க அரசின் கருவூலக் கடன்பத்திரங்கள் உங்களிடம் இருந்து, அவற்றின் மதிப்பை யாராவது எக்செல் தாளில் போட்டு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தால், அந்தத் தாளில் விலை எழுதியிருக்கும் நெடுவரிசையை இன்றே திறந்து பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்கங்கள் எங்கேயாவது 31ஐத் தாண்டுகின்றனவா? எந்த மாதத்திலும், எந்த வரியிலும் தாண்டவில்லை என்றால் உங்கள் மதிப்பு தவறாகக் காட்டப்படுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

என் அக்காவுக்கு நடந்தது இதுதான். நியூ ஜெர்சியில் செவிலியராகப் பணி செய்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். அங்கே இருந்தபோது வாங்கிய கருவூலப் பத்திரங்கள் 80,000 டாலர் முகமதிப்புக்கு அங்குள்ள தரகுக் கணக்கிலேயே இருக்கின்றன. வெளிநாட்டில் வசித்தபோது சேர்த்த சொத்தை ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 6ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் இடம் கொடுக்கிறது. ஆகவே அதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல், "வெளிநாட்டு முதலீட்டுக்கு முழுச் சேவை" என்று சொல்லிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் ஆலோசகரால் வந்தது.

அமெரிக்கக் கருவூலப் பத்திரத்தின் விலை நம் நாட்டு அரசுப் பத்திரத்தின் விலையைப் போல எழுதப்படுவதில்லை. இங்கே 100 ரூபாய் முகமதிப்புக்கு இத்தனை ரூபாய், இத்தனை பைசா என்று தசமத்தில் சொல்லிவிடுகிறோம். அங்கே 100 டாலருக்கு இத்தனை டாலர், அதற்கு மேல் முப்பத்திரண்டில் இத்தனை பங்கு என்று சொல்கிறார்கள். 99-16 என்றால் 99 டாலரும் 32இல் 16 பங்கும், அதாவது 99.50. நியூயார்க் பங்குச் சந்தை 2001இல் பங்கு விலைகளைத் தசமத்துக்கு மாற்றிவிட்டது. கருவூலப் பத்திரச் சந்தை இன்றும் முப்பத்திரண்டிலேயே பேசுகிறது. 1957 ஏப்ரலுக்கு முந்தைய நம் அணாக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 99 ரூபாய் 8 அணா என்பதை 99.08 என்று எழுதிக் கொடுத்தால் எந்தக் கடைக்காரர் ஒப்புக்கொள்வார்? அது தொண்ணூற்றொன்பதரை ரூபாய் அல்லவா?

அந்த ஆலோசகரின் தாளில் நடுவில் இருக்கும் கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புள்ளியை வைத்திருந்தார்கள். சூத்திரம் அவ்வளவுதான். 99-28 அங்கே 99.28 ஆகிவிட்டது. உண்மையில் அது 99.875.

இந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. எந்த எண்ணையும் 32ஆல் வகுத்தால் கிடைப்பதைவிட 100ஆல் வகுத்தால் கிடைப்பது குறைவு. எனவே கோட்டைப் புள்ளியாக்கினால், பின்னம் இல்லாத முழு விலையைத் தவிர, ஒவ்வொரு விலையும் உண்மைக்குக் கீழேதான் நிற்கும். பின்னம் 31 ஆக இருக்கும்போது இடைவெளி மிகப் பெரிது: 0.96875 இருக்க வேண்டிய இடத்தில் 0.31. ஒரு லட்சம் டாலர் முகமதிப்புக்கு 658 டாலர் 75 சென்ட் காணாமல் போகிறது. தட்டச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் பிழை சில நாள் கூட்டியும் சில நாள் குறைத்தும் காட்டும். இது எல்லா நாளும் பத்திரக்காரரின் சொத்தைக் குறைத்தே காட்டியது.

குறைத்துக் காட்டியதோடு நிற்கவில்லை. இல்லாத நஷ்டத்தையும் உண்டாக்கியது. அக்கா வாங்கியது 100-02க்கு, அதாவது 100.0625. பிறகு விலை 99-28க்கு இறங்கியது. 80,000 டாலருக்கு உண்மையான இறக்கம் 150 டாலர். முதிர்வு வரை வைத்திருந்தால் முழு முகமதிப்பும் கைக்கு வரும் பத்திரத்தில் இது பொருட்படுத்த வேண்டியதே அல்ல. தாளிலோ 100.02இலிருந்து 99.28க்கு வீழ்ச்சி, 592 டாலர் நஷ்டம் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. முழு எண்ணுக்குச் சற்று மேலிருந்து சற்றுக் கீழே விலை வரும்போதெல்லாம் இந்தப் பொய்க் கணக்கு இப்படித்தான் பாதாளத்தில் விழும். அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டி, "மேடம், இனியும் வைத்திருந்தால் முதலுக்கே மோசம்" என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். தரகு நிறுவனத்தின் தளத்தில் வேறு மதிப்பு காட்டுகிறதே என்று அக்கா கேட்டபோது, அது குறிப்புக்கான விலை, உண்மைச் சந்தை விலை எங்கள் தாளில் இருப்பதுதான் என்று பதில் வந்திருக்கிறது. தனியாக இருக்கும் ஒரு மூத்த பெண்மணி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? பாதியை, 40,000 டாலர் முகமதிப்பை, விற்றுவிட்டார்.

கைவரிசை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆலோசனை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: தாளில் உள்ள மதிப்பைவிடக் கூடுதலாக விற்றுக் கொடுத்தால், கூடுதலில் கால் பங்கு ஆலோசகருக்கு. தாளின்படி 40,000 டாலர் பத்திரத்தின் மதிப்பு 39,712. அக்காவின் கணக்கில் வந்தது 40,350. "பார்த்தீர்களா, சந்தை விலையைவிட 638 டாலர் அதிகம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்" என்று 159 டாலர் 50 சென்டுக்கு ஒரு ரசீது அனுப்பினார்கள். அக்கா அதற்கு ஈடான ரூபாயைக் கட்டிவிட்டு, "தம்பி, நல்ல மனிதர்கள்தான் போலிருக்கிறது" என்று என்னிடம் சொன்னார். அதைக் கேட்டதும் நான் அந்தத் தாளை அனுப்பச் சொன்னேன். பத்திரச் சந்தையில் ஒரு சிறிய தனிநபருக்காக யாரும் சந்தை விலையைவிட ஒன்றரைச் சதவீதம் கூடுதலாகக் கொடுத்துவிட மாட்டார்கள்.

அந்த 638இல் ஒரு டாலர்கூட அவர்கள் உழைப்பால் வந்ததல்ல. 99-28 என்ற விலைக்கு 40,000 டாலர் பத்திரத்தின் உண்மைத் தொகையே 39,950. ஆக 238 டாலர் வெறும் கோடு, புள்ளி வித்தை. மீதி 400 டாலர் அக்காவின் சொந்த வட்டி. அந்தப் பத்திரத்தின் வட்டி விகிதம் ஆண்டுக்கு 4 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 800 டாலர். ஆறு மாதத் தவணையின் சரிபாதியில் விற்றதால், அதுவரை சேர்ந்த வட்டியை வாங்குகிறவர் விலையோடு சேர்த்துக் கொடுத்தார். பத்திரச் சந்தையில் சொல்லப்படும் விலையில் இந்த வட்டி சேராது. பணம் கைமாறும்போது தனியாகச் சேரும். அதாவது, என் அக்காவின் வட்டியை அக்காவுக்கே வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லி அதிலும் கால் பங்கு எடுத்துக்கொண்டார்கள். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

தெரியாமல் செய்த பிழையாக இருக்கலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டார். தாளில் மறைத்து வைத்த மூன்று நெடுவரிசைகள் இருந்தன. நெடுவரிசைகளின் தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்து வரிசையில் நடுவே மூன்று எழுத்துகள் விடுபட்டிருந்ததைப் பார்த்து, மறைத்ததைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். உள்ளே ஒவ்வொரு விலையும் 32ஆல் வகுத்துச் சரியாக மாற்றப்பட்டிருந்தது. அதற்கடுத்து, இரண்டு மதிப்புகளுக்கும் உள்ள வித்தியாசம். அதற்கடுத்து, அதில் கால் பங்கு. சரியான விலை அவர்களுக்குத் தெரியும். எந்த நாள் விற்கச் சொன்னால் தங்களுக்கு எவ்வளவு வரும் என்பதும் தெரியும்.

இன்னொன்றும் கண்டேன். சில விலைகளின் முடிவில் கூட்டல் குறி வரும், 99-28+ என்பது போல. அது முப்பத்திரண்டில் இன்னும் அரைப் பங்கு, அதாவது அறுபத்து நான்கில் ஒன்று. தாளில் அந்தக் குறியை எல்லா இடத்திலும் வெட்டியிருந்தார்கள். 80,000 டாலருக்கு அது 12 டாலர் 50 சென்ட். அதுவும் அக்காவின் பக்கத்திலிருந்தே போனது.

உங்கள் தாளை நீங்களே சரிபார்க்க முடியும். விலையை எழுத்தாகவே உள்ளிடுங்கள். இல்லாவிட்டால் 10-12 போன்றவற்றை எக்செல் தேதியாக்கிவிடும். கோட்டுக்கு இடப்பக்கம் உள்ளதை ஒரு கட்டத்திலும், வலப்பக்கத்து முதல் இரண்டு இலக்கங்களை அடுத்த கட்டத்திலும், மூன்றாவதாக ஏதாவது இருந்தால் அதை இன்னொரு கட்டத்திலும் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இடத்தில் கூட்டல் குறி இருந்தால் 0.5 என்று கொள்ளுங்கள். இலக்கம் இருந்தால் அது எட்டில் அத்தனை பங்கு: 2 என்றால் 0.25, 6 என்றால் 0.75. இதை இரண்டாம் கட்டத்து எண்ணோடு கூட்டி, 32ஆல் வகுத்து, முதல் கட்டத்தோடு சேர்த்தால் தசம விலை. 99-162 என்றால் 16.25ஐ 32ஆல் வகுத்து 99உடன் கூட்ட வேண்டும், 99.5078125 வரும். முன்பேரச் சந்தை (பின்னொரு நாளின் கொடுக்கல் வாங்கலுக்கு இன்றே விலை பேசும் சந்தை) விலைகளில் மட்டும் மூன்றாவது இலக்கம் வேறு மாதிரி: 2, 5, 7 என்பவை முறையே கால், அரை, முக்கால்.

எக்செல்லிலேயே இதற்கென்று டாலர்டிஇ (DOLLARDE) என்ற செயற்கூறு இருக்கிறது. 99.16ஐயும் 32ஐயும் கொடுத்தால் 99.5 தரும். ஆனால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். 99-08ஐ 99.8 என்று உள்ளிட்டால் அது 32இல் 80 பங்கு என்று படித்து 101.5 என்று சொல்லும். மூன்று இலக்கப் பின்னத்திலும் தடுக்கும்: 99.162ஐக் கொடுத்தால் 16.2 என்று எடுத்துக்கொண்டு 99.50625 என்றுதான் காட்டும். எந்த வழியில் மாற்றினாலும், கிடைத்த விலையிலிருந்து முழு எண்ணைக் கழித்து 256ஆல், அதாவது 32ஐ 8ஆல் பெருக்கிய எண்ணால், பெருக்கிப் பாருங்கள். முழு எண் வர வேண்டும். வரவில்லை என்றால் மாற்றம் தவறு. கடைசியாக, தரகு நிறுவனத்தின் மாத அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அதை ஒப்பிட வேண்டாம் என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

விற்ற பணத்தை நீண்டகாலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் போட வைத்திருந்தார்கள். காப்பீட்டு ஆவணம் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு என்பதால் அதை ரத்து செய்துவிட்டோம். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்தத் தாளின் மதிப்புகளைப் போட்டிருந்ததால், திருத்திய கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. அந்த அட்டவணையில் தவறான விவரம் கொடுத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. ஆலோசகரின் பொய்க்கு என் அக்கா பதில் சொல்ல வேண்டிய நிலை.

நாங்கள் கேள்வி கேட்டதும், "நீங்கள் கேரளாக்காரர்கள், எங்கள் அலுவலகம் தமிழ்நாட்டில், வழக்கு என்றால் அங்கே வந்து போடுங்கள்" என்றார்கள். எல்லையில் வாழும் நம்மிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். பணியாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு அது பாலக்காடு. பங்கு, பத்திரச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான செபிக்கு மாநில எல்லை கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் ஐஎன்ஏ என்ற எழுத்துகளில் தொடங்கும். இவர் எங்களிடம் காட்டியது ஏஆர்என் எண். அது மியூச்சுவல் ஃபண்டு விநியோகிப்பவருக்கான பதிவு, ஆலோசகருக்கானது அல்ல. பதிவு பெற்ற ஆலோசகர்களும்கூட நிலையான தொகையோ, ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தில் வரம்புக்குட்பட்ட சதவீதமோதான் வாங்கலாம். லாபத்தில் கால் பங்கு என்ற கட்டணத்துக்கு விதியில் இடமே இல்லை.

அக்கா கட்டிய பணம் இன்னும் திரும்பி வரவில்லை. செபிக்கு எழுதியிருக்கிறோம், பாலக்காட்டு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியும் வரை அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் இதே போன்ற தாள் உங்களுக்கும் வந்துகொண்டிருந்தால், எக்செல் கோப்பை அது வந்த மின்னஞ்சலோடு சேர்த்து அப்படியே வைத்திருங்கள். அச்சிட்ட பிரதி போதாது, மறைத்து வைத்த நெடுவரிசை அச்சில் வராது. திருத்திய தாள் என்று புதிதாக ஒன்றை அனுப்பினால் பழையதை அழிக்க வேண்டாம். ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, பாதிப்பு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.