கால் பெருவிரல் முறிவுக்கு வாங்கிய வாக்கர் பூட்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மாவுக்கட்டுக்குப் பதிலாகக் காலில் மாட்டி நடக்கும் இந்த பூட் தன் வேலையைச் செய்தது, ஆனால் ஏப்ரல் மாதத்துத் திருநெல்வேலிக்கு இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை.

பையனுக்கு 11 வயது. தெருவில் வெறுங்காலோடு பந்து விளையாடியவன் பந்தை விட்டுவிட்டு வாசல் படியை உதைத்துவிட்டான். வலது பெருவிரலில், தோல் முடிந்து நகம் தொடங்கும் இடத்தில் ரத்தம். நம் வீடுகளில் இதெல்லாம் ஒரு விஷயமா? ஆச்சி எண்ணெய் போட்டு நீவிவிடத் தயாராக இருந்தார், நல்லவேளை தடுத்தேன். பக்கத்து கிளினிக்கில் டிடி ஊசி போட்டுக் கட்டுக் கட்டி, நகம் விழுந்து புதுசு முளைக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் விரல் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. எலும்பு டாக்டரிடம் போனோம். மேலிருந்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை, பக்கவாட்டில் எடுத்ததில்தான் பிடிபட்டது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனைப் பக்கம் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கும், எக்ஸ்ரேயில் அது இயல்பாகவே கறுப்புக் கோடாகத்தான் தெரியும், அதனால் எது வளரும் இடம் எது முறிவு என்று குழப்பம் வரும் என்று சொல்லி நல்ல காலையும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பெருவிரலில் நகத்தின் வேர் அந்தத் தட்டுக்கு ஒட்டிய மாதிரி மேலே இருக்கிறதாம். அங்கே அடிபட்டு நக அடியில் ரத்தம் வந்தால், எலும்பு வெளிக்காற்றைப் பார்த்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், விட்டால் சீழ் எலும்புக்குள் போகும். அன்றைக்கே மயக்கம் கொடுத்துக் கழுவி, ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார். சீட்டில் ‘சால்ட்டர்-ஹாரிஸ் 2’ என்று எழுதியிருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் பார்த்தேன், 1963-இல் கனடாவில் இரண்டு டாக்டர்கள் வளர்ச்சித் தட்டு முறிவுகளை 5 வகையாகப் பிரித்தார்களாம், அதில் அதிகம் வருவது இரண்டாவது வகைதான். கொஞ்சம் நிம்மதி.

சரி, பூட்டுக்கு வருகிறேன். சர்ஜிக்கல் கடையில் முதலில் பெரியவர்களுக்கான சின்ன சைஸை நீட்டி, “பஞ்சு வச்சு அடைச்சுக்கோங்க” என்றார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், குதிகால் உள்ளே ஆடினால் பூட் போட்டும் பிரயோஜனம் இல்லை. சிறுவர் சைஸ் வரவழைக்க இரண்டு நாள் ஆனது, 1,650 ரூபாய்.

அடிப்பாகம் கெட்டியாக, ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை மாதிரி வளைந்து இருக்கிறது. காலை ஊன்றும்போது விரல் மடங்குவதில்லை, அப்படியே உருண்டு போகிறது, இதற்குத்தான் முழுக்காசும். குளிக்கக் கழற்றலாம், மாவுக்கட்டில் அது முடியாது. ஆனால் கழற்றலாம் என்பது பையனுக்கும் தெரியும். மூன்றாம் நாளே பூட் கட்டிலுக்கு அடியில், இவன் ஒற்றைக்காலில் பேட்டோடு மொட்டைமாடியில்.

முன்பக்கம் திறந்திருப்பதால் விரல் கட்டின் மேல் மண் படுகிறது, தினமும் பழைய காட்டன் சாக்ஸ் மாட்டிவிட்டேன். பூட் போட்ட கால் இரண்டு விரற்கடை உயர்ந்துவிடுவதால் இடுப்பு வலிக்கிறது என்றான், அடுத்த காலுக்குத் தடித்த அடி உள்ள ஷூ போட்டதும் சரியானது. இதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, பெட்டியிலும் எழுதவில்லை. வெல்க்ரோவில் பாய் நார் ஏறி இரண்டாவது வாரமே பிடிப்பு போய்விட்டது, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் திரும்ப ஒட்டும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று பையன் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

நாலு வாரத்தில் பூட் போடுவது முடிந்தது. விரல் ஒழுங்காக வளர்கிறதா என்று ஆறு மாதம் கழித்து ஒரு எக்ஸ்ரே பாக்கி இருக்கிறது. பூட் இப்போது பரண் மேல். வலது, இடது எந்தக் காலுக்கும் போடலாம். யாராவது கேட்டால் துவைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.