ஒரேயடியாகவா, படிப்படியாகவா? ஜிஎஸ்டி தளம் போன இரண்டு வழிகள்

2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியின் ரிட்டர்ன் (மாதாந்திர வரிக் கணக்கு) திட்டம் காகிதத்தில் குறையே இல்லாதது. விற்றவர் எல்லா பில்லையும் 10ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்ற வேண்டும். வாங்கியவர் சரிபார்த்து 15க்குள் ஜிஎஸ்டிஆர்-2 போட வேண்டும். 20ஆம் தேதி இரண்டையும் சேர்த்து வரிக் கணக்கை முடிக்கும் ஜிஎஸ்டிஆர்-3. பில்லுக்குப் பில் பொருந்தினால்தான் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது.

நாட்டில் உள்ள அத்தனை வியாபாரிகளும் முதல் மாதமே தேதி தவறாமல் செய்தால்தான் இது ஓடும். ஒருவர் தாமதித்தால் அவரிடம் வாங்கியவரும் மாட்டிக்கொள்வார். நவம்பரிலேயே 2, 3 இரண்டையும் நிறுத்திவைத்தார்கள்.

பில்லை அரசுத் தளத்தில் பதிந்து கியூஆர் குறியீடு வாங்கும் இ-இன்வாய்ஸ் வேறு வழியில் போனது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும். அடுத்த ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50. அப்புறம் 2022இல் 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. முதலில் வந்த பெரிய நிறுவனங்களிடம் சொந்தமாக ஐடி ஆட்கள் உண்டு, சிக்கல் வந்தால் சமாளிப்பார்கள். சின்ன வியாபாரியின் முறை வந்தபோது அவர் கணக்கு எழுதும் டாலி மென்பொருளிலேயே அந்த வசதி இருந்தது. எங்கே தொடங்குவது என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

சரக்கை அனுப்பத் தளத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில்லோ இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டது. 2018 பிப்ரவரி 1இல் நாடு முழுக்கத் தொடங்கினார்கள்; தளம் முதல் நாளே திணறியது, தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 1இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும். உள்மாநிலச் சரக்குக்கு மாநிலம் மாநிலமாக. தமிழ்நாட்டுக்கு ஜூன் 2.

என் ஓட்டு படிப்படியான வழிக்குத்தான். ஆனால் அதிலும் தொல்லை உண்டு. ஒரே வியாபாரியின் கையில் பாதி பில்லில் கியூஆர் குறியீடு இருக்கும், பாதியில் இருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிடுவது. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற சுருக்கப் படிவம் முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் என்றுதான் வந்தது. இன்னமும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். பில்லோடு ஒப்பிடாமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதும் என்று அப்போது இருந்தது போலி பில்காரர்களுக்கு எவ்வளவு வசதி!

நிறுத்திவைத்த பில் பொருத்தமும் ஒரேயடியாகத் திரும்பவில்லை. 2020இல், விற்றவர்கள் ஏற்றிய பில்களை வாங்கியவருக்குக் காட்டும் 2பி அறிக்கை, 2022 ஜனவரியிலிருந்து விற்றவர் ஏற்றிய பில்லுக்கு மட்டுமே வரவு. 2024 அக்டோபரில் வாங்கியவர் பில்லை ஏற்கவோ மறுக்கவோ நிலுவையில் வைக்கவோ ஒரு தனிப் பக்கம் வந்தது. ஜிஎஸ்டிஆர்-2 கேட்ட அதே வேலைதான், ஆனால் இதில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.