கடை பில்லிங் மென்பொருளுக்கு எந்த டேட்டாபேஸ்: எஸ்கியூலைட்டா, எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸா?

விருதுநகர் சுற்றுவட்டாரத்தில் மளிகை, மருந்து, ஹார்டுவேர் என்று முப்பத்தெட்டு கடைகளில் நான் எழுதிய பில்லிங் மென்பொருள் ஓடுகிறது. சி ஷார்ப்பில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் வைத்து எழுதிய சாதாரண டெஸ்க்டாப் மென்பொருள்தான். எல்லாமே மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் (பின்னணியில் தனியாக ஓடும் டேட்டாபேஸ் சர்வர்) இருந்தவை. போன மாதத்தோடு இரண்டு கடைகளைத் தவிர மற்ற அத்தனையையும் எஸ்கியூலைட்டுக்கு (சர்வர் இல்லாமல் ஒரு கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) மாற்றி முடித்துவிட்டேன். டெஸ்க்டாப் பக்கம் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இந்த இரண்டில் எது என்றுதான். நான் எஸ்கியூலைட் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் டேட்டாபேஸ் பற்றி ஒரு பத்தி போதும். ஆரம்பத்தில் நானும் அதில்தான் எழுதினேன். ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதெல்லாம் கடைக்குப் பெரிய குறை இல்லை. 32 பிட், 64 பிட் சண்டைதான் தாங்கவில்லை. நம் மென்பொருள் 64 பிட்டாகவும் அந்த மிஷினில் ஆக்சஸ் கோப்பைத் திறக்க இருக்கும் ஏஸ் டிரைவர் 32 பிட்டாகவும் இருந்தால், புரொவைடர் பதிவாகவே இல்லை என்று பிழை வரும். கண்ணெதிரே ஆஃபீஸ் இருக்கும், நம் மென்பொருள் மட்டும் திறக்காது. இன்று புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும் வருவோம். இரண்டும் இலவசம். எக்ஸ்பிரஸில் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு, 2025 பதிப்பில் அதை 50 ஜிபி ஆக்கிவிட்டார்கள். எஸ்கியூலைட்டில் வரம்பைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. என் மளிகைக் கடைகளில் ஐந்து வருடக் கணக்கு சேர்ந்தும் ஒரு ஜிபியைத் தொட்டதில்லை. வேகத்திலும் பில் போடுபவர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடையாது. இவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி. கம்ப்யூட்டர் செத்துப்போனால், நான் அங்கே இல்லாமல், கடைக்காரர் எவ்வளவு நேரத்தில் மறுபடி பில் போடுவார்?

மூன்று வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது காலை ஏழு மணிக்கு ஒரு மளிகைக் கடையிலிருந்து போன் வந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர் உசுர விட்டுருச்சு. கணக்கெல்லாம் பென்டிரைவுல இருக்குன்னு சொன்னீகளே, அத வச்சு மக லேப்டாப்புல ஓட்டிரலாம்ல?"

"ஓட்டிரலாம் அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

போய்ச் சேர்ந்தேன். பென்டிரைவில் முந்தின நாள் இரவு எடுத்த பேக்கப் கோப்பு பத்திரமாக இருந்தது. என் பையில் இருந்த எக்ஸ்பிரஸ் இன்ஸ்டாலர் 2014, கடையில் ஓடிக்கொண்டிருந்ததோ 2019. மேல் பதிப்பில் எடுத்த பேக்கப் கீழ்ப் பதிப்பில் ஏறாது. அது தெரிந்தும் பையைச் சரிபார்க்காமல் போனது என் தவறு. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் புதிய இன்ஸ்டாலரை இறக்கி, பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டு, பேக்கப்பை ஏற்றப் போனால் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று பிழை எண் 5. அதைத் தாண்டியதும், பழைய மிஷினில் டேட்டா டி டிரைவில் இருந்தது, லேப்டாப்பில் டி டிரைவே இல்லை என்றது. கோப்புகளின் இடத்தை மாற்றிச் சொல்லி ஏற்றி முடிக்கும்போது மணி பதினொன்றே கால். அதுவரை அண்ணாச்சியின் மகள் கல்லாவில் நின்று துண்டுச் சீட்டில் பென்சிலால் பில் எழுதிக்கொண்டிருந்தது. பாமாயில், ரவை, வெல்லம் என்று எழுதிய அந்தச் சீட்டுகளை மாலையில் நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

அந்தப் பிழை எண் 5 எல்லோருக்கும் வருவது, அதனால் விளக்கிவிடுகிறேன். பேக்கப் எடுப்பதும் ஏற்றுவதும் நம் மென்பொருள் செய்யும் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதைச் செய்வது பின்னால் ஓடும் சர்வீஸ், அதற்கென்று விண்டோஸில் தனி யூசர் கணக்கு உண்டு. நாம் உள்ளே நுழைந்திருக்கும் யூசரின் டெஸ்க்டாப் ஃபோல்டர் அந்தக் கணக்குக்குத் திறக்காது. சர்வீஸுக்கு அனுமதி உள்ள ஒரு ஃபோல்டரில் கோப்பை வைத்து ஏற்றினால் பிழை போய்விடும். பேக்கப் எடுக்கும்போதும் அதே போல முதலில் அங்கே எடுத்து, பிறகு நம் மென்பொருளே பென்டிரைவுக்கு நகல் போட வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது என்பதால் தினசரி பேக்கப்புக்கு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத்தான் நம்ப வேண்டும்.

விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சில என்விஎம்இ டிஸ்க்குகள் தங்கள் செக்டர் (டிஸ்க் ஒரு முறை எழுதும் மிகச்சிறிய துண்டு) அளவை 4 கேபிக்கு மேல் என்று காட்டுகின்றன. எஸ்கியூஎல் சர்வர் 512 பைட், 4 கேபி இரண்டை மட்டும்தான் ஏற்கும். விளைவு, சர்வீஸ் கிளம்பவே கிளம்பாது, இன்ஸ்டால் பாதியில் நிற்கும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து 4 கேபி என்று சொல்லவைத்து, மிஷினை மறுபடி பூட் செய்தால் சரியாகிவிடும். தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலைதான். கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

இப்போது எஸ்கியூலைட்டில் இதே காரியம். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் முதலில் வெளியிட்டது இது. தனியாக சர்வர் இல்லை, சர்வீஸ் இல்லை, நம் மென்பொருளோடு சேர்ந்து போகும் ஒரு சின்ன டிஎல்எல்தான். டேட்டா முழுவதும் ஒரே கோப்பு. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பை இன்றைய பதிப்பும் திறக்கும். 2050 வரை ஆதரவு தருவோம் என்று அதை எழுதுபவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கடையில் புது மிஷின் வந்தால் என் இன்ஸ்டாலரை ஓட்ட வேண்டும், பென்டிரைவைச் செருகி "பழைய கணக்கை எடு" என்ற பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. போன ஆவணியில் ஒரு மருந்துக் கடைக்காரர் இதைத் தானே செய்து முடித்துவிட்டு, மதியம் போன் செய்து தகவல் மட்டும் சொன்னார்.

ஒரே கோப்புதானே, காப்பி பேஸ்ட் செய்தால் போதுமே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் இருந்தேன், பட்டேன். எஸ்கியூலைட்டில் வால் (WAL) என்றொரு முறை உண்டு, 2010இல் 3.7 பதிப்பில் வந்தது. அதில் எழுதுவது நேராக முதன்மைக் கோப்புக்குப் போகாது, பக்கத்தில் -wal என்று பெயர் முடியும் இன்னொரு கோப்பில் சேரும். அங்கே சுமார் ஆயிரம் பக்கம் (கோப்பின் சிறு துண்டு) சேர்ந்ததும், அல்லது மென்பொருளை மூடும்போதுதான் முதன்மைக் கோப்புக்குப் போகும். ஒரு பக்கம் 4 கேபி என்றால் ஏறத்தாழ 4 எம்பி. சின்னக் கடையில் அது ஒரு நாள் முழுக்கப் போடும் பில்லாகக்கூட இருக்கலாம். என் முதல் பதிப்பு, மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவுக்கு நகல் எடுத்தது. ஒரு கடையில் அதைத் திருப்பி ஏற்றியபோது மதியம் 2.40க்குப் பிறகு போட்ட 61 பில் காணவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, கோப்பும் சுத்தமாகத் திறந்தது. ஸ்டாக் இடிக்கிறது என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது நான் செய்வது இது. நாள் கணக்கு முடிக்கும்போது வாக்யூம் இன்டூ கட்டளையைக் கொடுத்து வேறு பெயரில் முழு நகல் எடுக்கிறேன். 2019இல் 3.27 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. வால் கோப்பில் இருப்பதையும் சேர்த்துத்தான் நகல் வரும், ஓடும் டேட்டாபேஸை நிறுத்தவும் தேவையில்லை. அந்த நகலைத் திறந்து இன்டெக்ரிட்டி செக் (கோப்பு பழுதில்லையா என்ற சோதனை) ஓட்டி, சரி என்று வந்த பிறகே தேதியைப் பெயராக வைத்துப் பென்டிரைவுக்கு அனுப்புகிறேன். பென்டிரைவில் கடைசி முப்பது நாள் நகல்கள் இருக்கும்.

எஸ்கியூலைட்டில் நமக்குக் கூடுகிற வேலையும் உண்டு. முதலாவது, கோப்பை எங்கே வைப்பது. சர்வர் தன் ஃபோல்டரைத் தானே பார்த்துக்கொள்ளும், இங்கே நாம்தான் பார்க்க வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸில் மென்பொருளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அங்கே எழுத சாதாரண யூசருக்கு அனுமதி இல்லை. மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதியோடு ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32 பிட் மென்பொருளாக இருந்தால், விண்டோஸ் பிழையும் காட்டாமல் அந்த யூசரின் வெர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டருக்குள் ஒரு தனி நகலில் எழுதவைக்கும். முதலாளி லாகினில் ஒரு கணக்கு, வேலை செய்யும் பையன் லாகினில் வேறு கணக்கு. புரோகிராம் டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். அங்கேயும் ஒரு யூசர் உருவாக்கிய கோப்பில் இன்னொரு யூசர் எழுத முடியாது என்பதால், இன்ஸ்டாலரிலேயே அந்த ஃபோல்டருக்கு எல்லா யூசருக்கும் எழுதும் அனுமதி கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" பிழை. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நான் பார்த்தவரை இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் காரணம் டேட்டாவைப் படிக்கத் திறந்து மூடாமல் விட்ட ரீடர்தான், அல்லது முடிக்காமல் நிற்கும் டிரான்சாக்ஷன் (மொத்தமாக ஒன்றாகப் பதியும் வேலைகளின் தொகுப்பு). முடிந்ததும் தானே மூடிவிடும் யூஸிங் பிளாக்குக்குள் எழுதுங்கள், பிஸி டைம்அவுட் (பூட்டு விடும்வரை காத்திருக்கும் நேரம்) கொடுங்கள், டிரான்சாக்ஷன் திறந்திருக்கும்போது மெசேஜ் பாக்ஸ் காட்டாதீர்கள். கடைக்காரர் அந்த பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்வரை எல்லாம் நிற்கும்.

எக்செலில் இருந்து எட்டாயிரம் ஐட்டம் ஏற்றும்போது திரை உறைந்துபோகிறது என்பவர்களுக்கும் டிரான்சாக்ஷன்தான் மருந்து. தனித்தனியாக எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் டிஸ்க்கில் பதிந்து முடியும்வரை காத்திருக்கும், பழைய ஹார்டு டிஸ்க்கில் நிமிடக்கணக்கில் ஆகும். எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் போட்டால் சில நொடி.

பணத்துக்கு எஸ்கியூஎல் சர்வரில் டெசிமல் என்ற துல்லியமான எண் வகை இருக்கிறது, எஸ்கியூலைட்டில் இல்லை. நான் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைக்கிறேன். ரியல் (தோராயமான தசம எண்) வகையில் வைத்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கூட்டும்போது ஒரு பைசா எங்காவது இடிக்கும். ஃபாரின் கீ சோதனையையும் (ஒரு டேபிள் குறிப்பிடும் வரி இன்னொரு டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) ஒவ்வொரு கனெக்ஷனிலும் நாமே ஆன் செய்ய வேண்டும், இயல்பாக அது ஆஃப்.

தமிழ்ப் பெயர்களில் எஸ்கியூலைட் எனக்குத் தலைவலி தந்ததில்லை, இயல்பிலேயே யூனிகோடு. எஸ்கியூஎல் சர்வரில் டேபிளின் நெடுவரிசையை வார்ச்சார் வகையில் அமைத்துவிட்டாலோ, யூனிகோடு ஏற்கும் என்வார்ச்சார் வைத்தும் கட்டளையில் மேற்கோளுக்கு முன் N எழுத்தைப் போட மறந்தாலோ "துவரம்பருப்பு" இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். மதிப்பைக் கட்டளைக்குள் எழுதாமல் பாராமீட்டராகக் கொடுத்தால் அந்த N எழுத்துத் தொல்லை இல்லை. ஆனால் அகர வரிசையில் எஸ்கியூலைட் ஒரு வேலை வைக்கிறது. அது யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும், புள்ளிக்கு அதில் எண் பெரிது. அதனால் பசலைக்கீரை முன்னாலும் பச்சைப்பயறு பின்னாலும் வரும், நம் அகராதி வரிசை இதற்கு நேர்மாறு. சொந்தமாக ஒரு கொலேஷன் (அடுக்கும் விதி) எழுதிப் பதிவு செய்தால் தீரும். அதை இண்டெக்ஸில் போட்டுவிடாதீர்கள், வேறு கருவியில் கோப்பைத் திறக்கும்போது அப்படியொரு கொலேஷனே இல்லை என்று அந்த டேபிளில் எழுத முடியாமல் நிற்கும். நான் திரையில் காட்டும்போது மட்டும் அடுக்கிக்கொள்கிறேன்.

எக்ஸ்பிரஸ் ஜெயிக்கும் இடம் பல கவுண்டர்கள் உள்ள கடை. எஸ்கியூலைட் கோப்பை ஷேர் செய்த ஃபோல்டரில் வைத்து மூன்று மிஷினிலிருந்து திறப்பது கூடவே கூடாது. வால் முறை நெட்வொர்க் ஃபோல்டரில் வேலை செய்யாது, பழைய முறையிலும் நெட்வொர்க் வழியாக வரும் பூட்டை நம்ப முடியாது, கோப்பே கெட்டுப்போகலாம். இரண்டு மூன்று கவுண்டர் உள்ள கடைகளில் முதன்மை மிஷினில் ஒரு சின்ன சர்வீஸ் எழுதி வைத்திருக்கிறேன். கோப்பைத் தொடுவது அது மட்டும்தான், மற்ற மிஷின்கள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்த முறையை நான் ஓட்டிப் பார்த்தது அதிகபட்சம் நான்கு கவுண்டர் வரைதான், அதுவும் ஒன்றரை வருடமாகத்தான். அதற்கு மேலும் தாங்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸ் (இன்னொரு இலவச டேட்டாபேஸ் சர்வர்) போடலாமே என்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் நான் அதை ஓட்டியதில்லை, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

மாற்றாமல் விட்ட இரண்டு கடைகளும் அந்த வகைதான். ஒன்றில் ஆறு கவுண்டர், இன்னொன்றில் ஏழு, மேலே மாடியில் ஆடிட்டர் உட்கார்ந்து ரிப்போர்ட் எடுப்பார். அங்கே எக்ஸ்பிரஸ்தான் இருக்கும். மற்ற மிஷின்கள் நெட்வொர்க் வழியாகச் சேரும் டிசிபி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால் அதை ஆன் செய்து, நிலையான போர்ட் எண் கொடுத்து, ஃபயர்வாலில் திறந்துவிட்டிருக்கிறேன். "சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற புகார் அதோடு நின்றுவிட்டது. அந்தந்தக் கடையின் பதிப்புக்கு உரிய இன்ஸ்டாலரை ஒரு பென்டிரைவில் போட்டு, கடையின் பெயரை ஒட்டி, அங்கேயே கல்லாவுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.