ஃபைவ் கார்டு டிராவா, டெக்ஸாஸ் ஹோல்டெமா?

காட்பாடி, குடியாத்தம் பக்கம் கல்யாண வீட்டில் விடிய விடிய ரம்மி ஆடிப் பழகியவர் ஆன்லைனில் போக்கர் கற்க நினைத்தால், இந்த இரண்டு போக்கர் வகைகளில் நான் ஃபைவ் கார்டு டிராவைத்தான் சொல்வேன். வேண்டாத சீட்டைக் கழித்துப் புதுசு வாங்குவது அவருக்குக் கைவந்த வேலை.

டிராவில் ஆளுக்கு 5 சீட்டு, யாருக்கும் காட்டாமல். ஒரு சுற்று பந்தயம். பிறகு பிடிக்காத சீட்டுகளைத் திரையில் தட்டி மாற்றலாம். இன்னொரு சுற்று பந்தயம், அப்புறம் சீட்டைக் காட்ட வேண்டியதுதான். எதிராளி எத்தனை மாற்றினார் என்று கட்டாயம் கவனியுங்கள். மூன்று என்றால் பெரும்பாலும் ஒரு ஜோடி. ஒன்றுதான் என்றால் இரண்டு ஜோடியோ, ஃப்ளஷுக்கு (ஐந்து சீட்டும் ஒரே இனம்) ஒரு சீட்டு பாக்கியோ இருக்கலாம். நீங்களே நான்கு ஹார்ட்டின் வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றினால், பார்க்காத 47 சீட்டில் 9 மட்டுமே உதவும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத வாய்ப்பு அது. அதை நம்பிப் பெரிய பந்தயத்துக்கு ஈடு கொடுக்காதீர்கள்.

ஹோல்டெமில் கையில் 2 சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவான 5 சீட்டு, நான்கு சுற்று பந்தயம். ஆட ஆள் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் புதியவருக்குத் தலை சுற்றும்.

எதுவானாலும் இலவச சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லைகள்) மட்டும்தான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்திய அரசுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணம் கட்டச் சொல்லும் ஆப்பை உடனே நீக்கிவிடுங்கள்.