பின் பிரேக் பேட் சீக்கிரம் காலியாகுதா? சின்டர்டா, ஆர்கானிக்கா, இல்ல கேலிப்பரயே கழட்டணுமா?

ஏடிவில (மண்ணு, சேறு எல்லாத்துலயும் ஓடுற நாலு சக்கர வண்டி) முன் பேட் பாதி கூட தேயல, பின்னாடி மட்டும் ரெண்டாவது செட்டும் இரும்பு தட்டுற வரைக்கும் போச்சுன்னா யார கேட்டாலும் சின்டர்டு (உலோகத்தூள்) பேட் போடுன்னுதான் சொல்வாங்க. நானும் போட்டேன். பேட் நின்னுச்சு, டிஸ்க் போச்சு. ஏன்னா கேலிப்பருக்குள்ள (பேட டிஸ்க்ல அழுத்துற பாகம்) ஸ்லைடு பின், அதாவது கேலிப்பர் நகர்றதுக்கான கம்பி, துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தத நான் பாக்கவே இல்ல.

அதனால பேட் வாங்குறதுக்கு முன்னாடி பழைய ரெண்டு பேடையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ரெண்டும் ஒரே அளவு தேஞ்சிருந்தா சேறு, மணல், இல்ல பெடல் மேலயே கால வச்சு ஓட்டுற பழக்கம்னு யோசிக்கலாம். ஒண்ணு மட்டும் தேஞ்சிருந்தாலோ ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு தேஞ்சிருந்தாலோ ஸ்லைடு பின்னுதான் முதல் சந்தேகம், அதுக்கு எந்த உசத்தி பேட் போட்டாலும் காசு வேஸ்ட். கழட்டி துருவ சுரண்டி சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்க, சாதா கிரீஸ் போட்டா அந்த பின்ன மூடுற ரப்பர் பூட் உப்பிப் போகும்.

இன்னொரு கேஸ் இருக்கு, அது கொஞ்சம் கள்ளத்தனமானது. கிளம்பும்போது சக்கரம் ஃப்ரீயா சுத்தும், கொஞ்ச நேரம் ஓட்டினா பிடிக்க ஆரம்பிக்கும். பெடல்ல ஃப்ரீ ப்ளே (பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற கொஞ்சம் தளர்வு) இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஃப்ளூயிட்ட தள்ளுற பாகம்) பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, ஃப்ளூயிட் திரும்பிப் போற அந்த குட்டி ஓட்டை மூடியே இருக்கும், சூட்டுல ஃப்ளூயிட் விரிஞ்சா போக இடமில்லாம பேடத்தான் தள்ளும், பேட் உரச உரச இன்னும் சூடு. அப்படி பிடிச்சிருக்கும்போதே வண்டிய பின்னாடி தூக்கி நியூட்ரல்ல போட்டு ப்ளீடர் ஸ்க்ருவ, அதாவது கேலிப்பர்ல ஃப்ளூயிட்ட வெளிய விடுற திருக, லேசா திறங்க (சூடா இருக்கும், கண்ணாடியும் கிளவுஸும் போட்டுக்கோங்க). சக்கரம் விட்டுடுச்சுன்னா தப்பு மேல, அதாவது பெடல் அட்ஜஸ்ட்மென்ட், மாஸ்டர் சிலிண்டர் இல்லன்னா உள்ள உப்பிப்போன பிரேக் ஹோஸ். விடலன்னா கேலிப்பர்லயேதான், பிஸ்டன் துரு, இல்லன்னா ஸ்லைடு பின். பின்பக்க கேலிப்பர்லயே பார்க்கிங் பிரேக் கேபிள் வர்ற வண்டின்னா அது ஓவரா டைட்டா இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இதெல்லாம் சுத்தமா இருக்கு, ஆனாலும் தேயுதுன்னா அப்பதான் பேட் பேச்சு. முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறெல்லாம் பின் கேலிப்பர்லதான் போய் உக்காரும், அது அரைக்கிற மாவு மாதிரி பேட தின்னும். ஆர்கானிக் பேட் ரெசினும் நாரும் சேர்ந்தது, சத்தம் கம்மி, டிஸ்க்குக்கு நல்லது, பெடல் ஃபீலும் மென்மை, ஆனா சேத்துல கரையும், ரொம்ப சூடானா மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆகி பிடியே இருக்காது. சின்டர்டுங்கறது உலோகத்தூள சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஒட்ட வச்சது, ஈரத்துல நல்லா பிடிக்கும், ரொம்ப நாள் வரும், பதிலுக்கு டிஸ்க்க சுரண்டும், சூட்டையும் பிஸ்டன் வழியா ஃப்ளூயிட் வரைக்கும் கடத்தும். டாட் 4 (பிரேக் ஃப்ளூயிட்ல ஒரு தரம்) புதுசுல குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம தாங்கணும், தண்ணி இழுத்துட்டா அந்த வரம்பு 155 தான், அதனால சின்டர்டு போட்டா ஃப்ளூயிட்ட பழசாக விடாதீங்க. செமி மெட்டாலிக் (ரெசின்ல உலோகம் கலந்த பேட்) நடுவுல நிக்குது, ஈரமும் காய்ஞ்சதும் கலந்து ஓட்டுறவங்களுக்கு ஓகே.

என் ஓட்டு? காய்ஞ்ச மண்பாதைன்னா ஆர்கானிக்கே போதும், முழங்கால் சேறுன்னா கண்ண மூடிட்டு சின்டர்டு. எத போட்டாலும் டிஸ்க்ல பொறிச்சிருக்கிற மினிமம் தடிமன அளந்துட்டு போடுங்க, அதுக்கு கீழ போயிருந்தா பேடோட டிஸ்க்கும் சேத்தே மாத்தணும்.